கிண்ணத்தில் இறங்கிய நோய்

நோயைக் கண்ணால் பார்க்க ஆசையா? நோய் தீர்க்கும் நூலையாவின் கூடத்துக்குப் போக வேண்டும். ஊரே அங்கேதான் நிற்கிறது. வாசலில் ஒரு வாளி நுரைநீர். அதில் கை நனைத்து, துடைக்காமல், ஐயாவின் கண்ணாடிக் கிண்ணத்தில் விரல்களை விட்டால் போதும். தெளிந்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நூல் இறங்கும். அதுதான் நோய். காணிக்கை வைத்ததும் ஐயா இன்னும் சில கரண்டி நுரைநீரைக் கிண்ணத்தில் ஊற்றுவார். நூல் கரைந்துவிடும். நோயும் போயிற்று! டாக்டர்கள் பாவம், வீணாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரிசையில் அக்காவைத் தாங்கிப் பிடித்து நின்றாள் தங்கை. ஷாம்பு கம்பெனி ஆய்வகத்தில் வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுபவள். ஆனால் அக்கா முந்தாநாள் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டாள். இப்போது நாக்கு வறண்டு தள்ளாடுகிறாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா."

"சும்மா இருடி. போன தடவை என் கையிலேருந்து எவ்வளவு நூல் வந்துச்சு தெரியுமா? இன்னிக்கு மிச்சமும் வந்துடும்."

அக்காவின் முறை வந்தது. தங்கை தன் பாட்டில் தண்ணீரை ஊற்றி அவள் கையை நுரை போக நன்றாகக் கழுவித் துடைத்தாள். விரல்கள் புதிதாக நிரப்பிய கிண்ணத்தில் இறங்கின. ஓர் இழைகூட இல்லை.

"சந்தேகப் பிராணி தொட்டா சக்தி ஓடிடும்" என்றார் ஐயா.

தங்கை சைக்கிள் சாவியை நுரைநீரில் நனைத்து அதே கிண்ணத்தில் விட்டாள். கொத்துக் கொத்தாக நூல். ஓடிப்போன சக்தி ஒரு சாவிக்காகத் திரும்பி வந்திருந்தது!

"சாவிக்கு என்ன வியாதிங்கய்யா?" என்றார் பின்னால் நின்ற தையற்காரர்.

"கிண்ணத்துல இருக்கிறது தலைமுடிக்குப் போடுற பாலிமர்" என்றாள் தங்கை. "அதுக்கு நேர்மின்சுமை, நுரைநீர்ல இருக்கிற சோப்புக்கு எதிர்மின்சுமை. ரெண்டும் சேரும்போது அதுங்களைச் சுத்தி நின்ன உப்பு அயனிகள் விடுபட்டு தண்ணியில இஷ்டத்துக்கு அலையும். அந்த விடுதலைதான் ரெண்டையும் சேர்த்து நூலாக்குது. சோப்பு அதிகமானா நூல் மறுபடியும் கரையும். எங்க லேப்ல தினமும் நடக்குது. இதுவரைக்கும் யாருக்கும் குணமாகல."

ஐயா தியானத்துக்கு நேரமாயிற்று என்று பின்வாசலைத் தேடினார்.

அக்கா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆட்டோவைக் கூப்பிடுடி."

ஆட்டோ கிளம்பும்போது தையற்காரர் ஓடிவந்தார். "அம்மா, உங்க லேப்ல எந்தக் கிழமை எங்களுக்கு நூல் பாப்பீங்க?"

"இத்தனை நாளும் கண்ணுக்குத்தான் வேலை குடுத்தீங்க" என்றாள் தங்கை. "மூளைக்கும் கொஞ்சம் குடுங்க."