மாதிரித் தேர்தல் நடத்திய செயலாளர்

மன்றச் செயலாளர் என்று ஒரு ஜீவராசி உண்டு. பார்த்திருப்பீர்கள். ஒரு பெஞ்சும் இரண்டு நாள் பழைய பத்திரிகையும் கிடக்கிற எந்தக் கீற்றுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு கட்சியில் அதைக் காரியதரிசி என்பார்கள், இன்னொன்றில் செயலாளர் என்பார்கள், மூன்றாவதில் தோழர் என்பார்கள். துண்டின் கரை மாறுமே தவிர, துண்டுக்கு உள்ளே இருக்கிற ஆள் மாறுவதில்லை. நாலு வருஷம் அதுவும் நம்மைப் போலவே ஆடு மேய்க்கும், மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் இறைக்கும், மாமனார் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பும். ஐந்தாவது வருஷம் தேர்தல் வரும். அன்றைக்கு விடியற்காலையிலேயே சட்டை போட்டுக்கொள்ளும். அவ்வளவுதான், இனிமேல் பிடிக்க முடியாது.

எந்தக் கட்சியைச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். போன தடவை இதே மாதிரி எழுதியபோது மூன்று கட்சிக்காரர்களும் "எங்களைத்தானே எழுதினாய்?" என்று கார்டு போட்டார்கள். மூன்று பேர் சொன்னதும் சரிதான்.

சட்டை போட்ட செயலாளருக்குச் சில லட்சணங்கள் உண்டு. கத்தாமலே தொண்டை கட்டியிருக்கும். எதைக் கேட்டாலும் "மேலிடத்துல பேசியாச்சு" என்பார். (மேலிடம் என்பது இராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடி. அங்கே வேட்பாளரின் குமாஸ்தா தூங்கிக்கொண்டிருப்பார்.) வாரம் ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவார். காங்கோ நாட்டு நிலவரம் பற்றி ஆழ்ந்த கவலை தெரிவிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். மன்றத்து விளக்குக்குத் திரி மாற்றும் தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டுத் தோற்றுப்போகும். காங்கோவுக்கு யாரும் எழுந்து போக வேண்டியதில்லை, திரி வாங்கக் கடைக்குப் போக வேண்டுமே!

இதெல்லாம் மேல் லட்சணம். உள் லட்சணம் ஒன்று இருக்கிறது. கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால், அது முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவார். கொக்கு ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "இதைப் பத்தித்தான் நேத்து வேட்பாளர்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்" என்று ஆரம்பிப்பார். கொக்குக்கே தெரியாத காரணங்கள் மூன்று வெளிவரும்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைப் பிடித்து வந்திருக்கிறேன். பெயர் கூத்தையா. குடைச் சின்னக் கட்சியின் கிளை மன்றத்துச் செயலாளர். ஊர் எது என்று சொல்ல மாட்டேன். தெற்கே மூக்கைத் திருப்பினால் கருவாட்டு வாடையும் வடக்கே திருப்பினால் மிளகாய் நெடியும் வருகிற ஊர். மூன்று வருஷமாக மழை எட்டிப் பார்க்காத அந்தச் சீமையில் குடையைச் சின்னமாக வைத்து ஓட்டுக் கேட்கும் தைரியம் யாருக்கு வரும்? கூத்தையாவுக்கு வந்தது.

தெருவுக்கு எதிர்ப்புறம் மண்வெட்டிச் சின்னக் கட்சியின் மன்றம். அதற்குச் செயலாளர் பால்சாமி, கூத்தையாவுக்குச் சொந்த மச்சான். இரண்டு மன்றத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். பால்சாமியிடம் ரேடியோ இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த பங்காளி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பாட்டரி ரேடியோ. சாயங்காலம் ஆறு மணிக்கு இலங்கையிலிருந்து பாட்டு ஆரம்பித்தால், கூத்தையாவின் மன்றத்தில் கூத்தையாவும் பெஞ்சும் மட்டும் மிச்சமிருக்கும். குடைக்காரர்கள் எல்லாரும் தெரு மணலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். விசுவாசம் கெடக்கூடாது என்பதற்காக முதுகை மண்வெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு. காதைத் திருப்ப முடியுமா?

கூத்தையாவுக்கு அந்த ஆறு மணியை நினைத்தால் சோறு இறங்காது. நேராக வேட்பாளரிடம் போனார். "எங்க மன்றத்துக்கு ஒரு ரேடியோப் பொட்டி வேணுங்க" என்றார். வேட்பாளர் யோசித்துவிட்டு, "உங்க ஊர்ப் பெட்டியில எரநூறு ஓட்டு விழுந்திருந்தா, ரேடியோ வந்து எறங்கும்" என்றார். "நானூறே விழும்!" என்று சொல்லிவிட்டு வந்தார் நம்மவர். ஊரில் மொத்தமே முந்நூற்றுத் தொண்ணூறு ஓட்டு. அதில் குடைக்கு நூற்றெண்பத்தேழு, மண்வெட்டிக்கு இருநூற்று மூன்று. வீடு வீடாகத் தலையெண்ணிய கணக்கு இரண்டு மச்சான்களுக்கும் மனப்பாடம். பதின்மூன்று ஓட்டுக் குறைகிறது. அந்தப் பதின்மூன்றை எங்கே போய்ப் பிடிப்பது? கடலில் வலை போட்டா?

இந்த இடத்தில்தான் சர்க்கார் ஒரு காரியம் செய்தது. முன்னெல்லாம் தேர்தல் என்றால் சின்னத்துக்கு ஒரு பெட்டி இருக்கும். நம்முடைய சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். அறுபத்திரண்டில் அதை மாற்றி, எல்லாச் சின்னத்தையும் ஒரே சீட்டில் அச்சடித்து, அதில் முத்திரை குத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முத்திரை பெருக்கல் குறி மாதிரி இருக்கும் என்பது பத்திரிகையில் வந்தது. எங்கே குத்துவது என்பதும் வந்திருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில்தான் மன்றத்துக்கு வடை கட்டி வந்தார்கள்.

கூத்தையா உடனே ஒரு மாதிரித் தேர்தலுக்கு ஏற்பாடு செய்தார். மண்ணெண்ணெய்ப் பாட்டில் தக்கையில் பெருக்கல் குறி செதுக்கி, விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து மை செய்து, கோடு போட்ட நோட்டில் குடையும் மண்வெட்டியும் வரைந்து, மிளகாய் பறித்துவிட்டுத் திரும்பிய சனத்தையெல்லாம் மன்றத்துக்குள் அடைத்து, பெஞ்சின் மேல் ஏறி நின்று ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும், பறிப்புக்குப் போகிற பெண்களுக்குத் தலைவியான ராக்கு எழுந்தாள்.

"அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளு தாயி, கேளு."

"இந்தக் குறிய எங்கன குத்தணும்?"

"சின்னத்து மேலதான்."

"நம்ம குடை மேலயா? எம் மவன் சிலேட்டுல கணக்குத் தப்பாப் போட்டா, வாத்தியாரு இதே குறியத்தான் போட்டு அனுப்புறாரு. நம்ம குடை மேல நாமளே தப்புப் போட்டா நல்லாவா இருக்கும்?"

கூட்டம் திரும்பிச் செயலாளரைப் பார்த்தது. நல்ல கேள்வி. கூத்தையாவுக்குப் பதில் தெரியாது. நீங்களாவது நானாவது இருந்தால் என்ன செய்வோம்? "விசாரித்துச் சொல்கிறேன்" என்போம். (என்போமா?) கூத்தையா கண்ணை மூடித் திறந்தார்.

"ராக்கு, நீதான் புத்திசாலி! இதச் சொல்லத்தானே கூட்டம் போட்டேன்! எவன் வேணாமோ அவன் தலையில குத்தணும். மண்வெட்டி ஒழிக, மண்வெட்டி ஒழிகன்னு ஆறு மாசமாக் கத்துறமே, எப்பிடி ஒழியும்? இப்பிடித்தான் ஒழியும்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மாதிரித் தேர்தல் ஆரம்பமாயிற்று. ஆறு மாத ஆத்திரத்தையும் தக்கையில் ஏற்றி ஆளாளுக்கு மண்வெட்டியின் தலையில் குத்தினார்கள். ஒருவர் குத்திய குத்தில் நோட்டுத் தாள் கிழிந்தது. கூத்தையாவின் மனைவி வெள்ளையம்மாள் மட்டும் தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"ஏங்க, இது யாருகிட்டயாச்சும் கேட்டுச் சொன்னதா, நீங்களாச் சொன்னதா?"

"மேலிடத்துல பேசியாச்சு. குத்து."

குத்தினாள்.

எதிர் மன்றத்துக்குச் சேதி போக எவ்வளவு நேரம் ஆகும்? முதுகைத் திருப்பிக்கொண்டு பாட்டுக் கேட்கிறவர்கள் வாயையும் திருப்பிக்கொண்டா இருப்பார்கள்? பால்சாமியிடம் அவருடைய ஆட்கள் ஓடினார்கள். "செயலாளரே, அந்தப் பக்கம் எதிரி சின்னத்துலதான் குத்தணும்னு சொல்லிக் குடுத்துட்டாரு. நீங்க நமக்கு ஒண்ணுமே சொல்லலையே?" பால்சாமிக்கும் தெரியாது. ஆனால் அவரும் செயலாளர். "நான் போன மாசமே தெரிஞ்சு வச்சிருக்கேன்லே! உங்களுக்கு இப்பச் சொன்னாத்தான் மறக்காதுன்னு வச்சிருந்தேன்" என்றார். மறுநாள் அங்கேயும் ஒரு மாதிரித் தேர்தல். கூத்தையாவைவிடப் பெரிய தக்கை.

நிஜத் தேர்தல் நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. முதல் ஆளாக நின்றவர் கூத்தையா. சீட்டைக் கொடுத்த அதிகாரி, "முத்திரையை எங்கே..." என்று ஆரம்பித்தார். "எல்லாம் தெரியும் சார். ஊருக்கே சொல்லிக் குடுத்தது யாருங்கிறீங்க?" என்றார் நம்மவர். மறைப்புக்குள் போய், மண்வெட்டியின் தலையில் நச்சென்று ஒன்று வைத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. செயலாளர் அல்லவா, நின்று படித்தார். *நீங்கள் யாரைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறீர்களோ, அவருடைய சின்னத்தின் மேல் முத்திரையிடுங்கள்.*

இன்னொரு தடவை படித்தார். எழுத்து மாறவில்லை.

வரிசையில் நூற்றெண்பது குடை நின்றுகொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். "நான் சொன்னது தப்பு, நம்ம குடையிலயே குத்துங்க" என்று ஒரு வார்த்தை. நூற்றெண்பது ஓட்டும் கைக்கு வந்துவிடும். இருநூறு தேறாவிட்டாலும் பக்கத்தில் போய் நிற்கலாம். கூத்தையா வாயைத் திறந்தார். வரிசையிலிருந்து ராக்கு கூப்பிட்டாள்.

"அண்ணே! எதிரி தலையிலதானே?"

ஊரே பார்த்தது. பெண்கள் வரிசையில் வெள்ளையம்மாளும் பார்த்தாள். ஒரு பக்கம் ரேடியோ. மறு பக்கம் 'தப்பு' என்கிற ஒரே ஒரு சொல். கூத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொன்ன சொல்லுல மாத்தமில்ல, தாயி!"

சொல்லிவிட்டுத் திரும்பினால், இரண்டாவது ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பால்சாமி அதே நோட்டீஸின் முன்னால் நிற்கிறார். முகம் சுண்ணாம்பாகியிருந்தது. மச்சான்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல மச்சான். உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல. வெயிலு."

"ஆமா. நல்ல வெயிலு."

அப்புறம் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். வருகிறவர்கள் அந்த நோட்டீஸைப் படித்துவிடக்கூடாதே என்று, ஆளுக்கொரு பக்கமாகச் சுவரில் முதுகைச் சாய்த்து, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நின்றார்கள். வரலாற்றிலேயே இரண்டு கட்சிகளும் தோளோடு தோள் சேர்ந்து பாடுபட்டது அன்றைக்குத்தான். உள்ளே அதிகாரி யாரிடம் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், "தெரியும் சார், எங்க செயலாளர் சொல்லியாச்சு" என்றே பதில் வந்தது. மதியத்துக்கு மேல் அவர் வாயெடுப்பதை நிறுத்திவிட்டார்.

இராமநாதபுரத்தில் ஊர் ஊராகப் பெட்டியை எண்ணினார்கள். கூத்தையா போகவில்லை. வயிற்றுவலி என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். முடிவு பஸ்ஸில் வந்தது: குடை இருநூற்று நான்கு, மண்வெட்டி நூற்றெண்பத்தாறு!

கணக்குப் புரிகிறதா? மண்வெட்டிக்காரர்கள் இருநூற்று மூன்று பேரும், தலைவர் சொல் தட்டாமல், குடையின் தலையில் குத்தி அதை ஒழித்திருக்கிறார்கள். குடைக்காரர்கள் மண்வெட்டியை ஒழித்திருக்கிறார்கள். ஒழிக்கப்பட்ட குடை ஜெயித்துவிட்டது. கூத்தையா போர்வையை உதறிவிட்டு எழுந்தார். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

"பாத்தியா வெள்ளையம்மா? எல்லாம் திட்டம் போட்டுச் செஞ்சது. பால்சாமி என்னையப் பாத்துக் காப்பியடிப்பான்னு தெரிஞ்சுதானே அப்பிடிச் சொன்னேன்!"

"அப்ப, இருநூத்தி மூணோட கூட ஒண்ணு விழுந்திருக்கே, அது எப்பிடிங்க?"

"அது... அது வந்து, பொதுமக்கள் ஆதரவு."

"அது நாந்தேன். உள்ள இருந்த ஆபீசர் அய்யாகிட்ட எங்கன குத்தணும்னு கேட்டேன், சொன்னாரு."

"நான் இருக்கையில வேத்தாள்கிட்ட எதுக்குடி கேட்ட?"

"நீங்க இருக்கீகன்னுதான் கேட்டேன்."

ரேடியோ வந்து இறங்கியது. பால்சாமி மாலை வாங்கிவந்து மச்சானுக்குப் போட்டார். வேறு என்ன செய்வார்? ஊர்ப் பெட்டியில் மோசடி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், யார் யாரிடம் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் அல்லவா சொல்ல வேண்டும்? தெருவின் இரண்டு பக்கமும் இப்போது ஆளுக்கொரு ஸ்டேஷன் முழுச் சத்தத்தில் பாடுகிறது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை என்று ஊரார் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மன்றத்திலும் இப்போது செயலாளரும் பெஞ்சும் ரேடியோவும் மட்டும்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது. படிக்கும்போது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். "சரியாக அவரேதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நான் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு நின்ற ஒரு பெரியவர், கடலோரத்துக் காரங்காட்டுக்கு எந்த பஸ் என்று உங்களிடம் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் ஒரு நொடிகூட யோசிக்காமல் கையை நீட்டி ஒரு பஸ்ஸைக் காட்டினீர்களே? ஏறும்போது கும்பிட்டுவிட்டு வேறு போனார்.

அவர் கமுதியில் இறங்கியிருக்கிறார். கடலைக் காணோமே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். உங்களையும்தான்.