‘பாவம்’ சாரும் கிரேக்கத்துக் கொலைகாரியும்

கொடைக்கானல் மலையில் ‘பாவம்’ சாரின் இரக்கத்திலிருந்து தப்பித்த உயிர் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் பள்ளி விடுதியின் வார்டன் அவர். குரங்கு அவருடைய இட்லியைத் தூக்கிக்கொண்டு ஓடினால், “பாவம், சட்னி இல்லாம திங்குது” என்பார். ஒருநாள் அவருடைய செருப்பு திருடு போயிற்று. “பாவம் தம்பி, இடது கால் கடிக்கும். எடுத்தவங்கிட்ட யாரு சொல்றது?” என்று என்னிடம் கவலைப்பட்டார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு யோசனை உதித்தது. இவர் பாவம் சொல்லாத ஒருத்தரையாவது கண்டுபிடித்துவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த வாத்தியாருக்கு வேறென்ன சோலி?

ஆள் கிடைத்தாள், கிரேக்க நாடகத்தில். கைவிட்ட கணவனைப் பழிவாங்க, பெற்ற பிள்ளைகள் இருவரையும் வெட்டிப் போடுகிறவள். ஆண்டு விழாவில் அதைத் தமிழில் மேடையேற்றத் துடித்தேன். தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்தார். “கொலைகாரி மேல பையங்களுக்கு இரக்கம் வந்துச்சுன்னா என்ன ஆகுறது? வராதுன்னு வார்டன் சொல்லட்டும், பாப்போம்.”

சாரிடம் கதையைச் சொன்னேன். புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். “பாவம்.” மணப்பெண்ணுக்கு இவள் விஷம் தோய்த்த சேலை அனுப்பினாள். “பாவம், புதுச் சேலை.” பிள்ளைகளைக் கொன்றாள். சார் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “பாவம்” என்றார்.

“அவ பாவமா, அவ செஞ்சது பாவமா? வெரசா சொல்லுங்க சார்.”

“ரெண்டுக்கும் ஒரே வார்த்தையத்தான வச்சிருக்காங்க? நான் என்ன தம்பி செய்ய?”

தலைமையாசிரியரிடமும் “பாவம்ங்க” என்றுதான் சொன்னார். அதைக் கண்டனம் என்று எடுத்துக்கொண்டு அவர் அனுமதி கொடுத்துவிட்டார்.

விழா அன்று, வில்பட்டி பூண்டு விவசாயி மகன் முருகேசன் சேலை கட்டி, அட்டைக் கத்தியோடு இரண்டு பொடியன்களைத் துரத்தினான். முதல் வரிசையில் சார் எழுந்துவிட்டார்.

“ஏலே, ரெண்டு பேரும் இங்கிட்டு ஓடியாங்க!”

விடுதிப் பிள்ளைகள்; வார்டன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. மேடையிலிருந்து குதித்து அவர் வேட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். கிரேக்க தேசத்தில் கொல்ல ஆளில்லை. என் நாடகம் செத்தது. தலைமையாசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சார் இன்னும் உட்காரவில்லை. மேடையில் விழித்துக்கொண்டு நின்ற முருகேசனைப் பார்த்தார்.

“கத்தியப் போட்டுட்டு நீயும் வா தாயி. குளுருதுல்ல?”

யாரும் சிரிக்கவில்லை. முருகேசன் அழுதான். அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

அடுத்த விழாவிலும் அதே நாடகம்தான். முடிவை மட்டும் இந்த முறை நான் எழுதப்போவதில்லை. முன் வரிசையில் சாருக்கு ஒரு நாற்காலி. பக்கத்தில் மூன்று காலி நாற்காலிகள்.