எது கேட்டாலும் ஒய் அழுத்தவும்

அரைகுறையாகத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் இருக்கிற சுகம், முழுதாகத் தெரிந்த பிறகு வருவதில்லை. கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த காலத்தில் நான் அந்தச் சுகத்தின் உச்சியில் இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு கணினிப் பத்திரிகையோடு லினக்ஸ் என்ற இயங்குதளம் குறுந்தகட்டில் இலவசமாக வந்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த கணினியில் ஏற்றினேன், ஏறிவிட்டது. (ஒரே ஒரு தடவை. அதுவும் ஒன்றுமே இல்லாத காலி ஹார்ட் டிஸ்க்கில்.) உடனே தமிழ்கூறும் நல்லுலகம் பயன்பெறட்டும் என்று ஒரு கையேடு எழுதி, ஜெராக்ஸ் போட்டு விடுதியில் விநியோகித்தேன். ஏற்றும்போது அது ஏதேதோ கேட்கும். ஆங்கில எழுத்து ஒய் என்றால் சம்மதம், என் என்றால் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கம் எழுதச் சோம்பல்பட்டு, "எது கேட்டாலும் ஒய் அழுத்தவும்" என்று முடித்துவிட்டேன்.

விடுதியில் அதை ஒருவரும் படிக்கவில்லை. எனக்கு வாய்த்த ஒரே வாசகர் சுப்பு மாமா, அம்மாவின் தம்பி. காங்கேயம் பஸ் ஸ்டாண்டு அருகே கல்யாணப் பத்திரிகை டைப் செய்து தரும் கடை வைத்திருந்தார். காகிதம் வாங்கக் கோவை வந்தவர், "நம்மூட்டுப் பையன் எழுதுனதாச்சே" என்று கையேட்டையும் குறுந்தகட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

அப்போது அவர் கணினிக்குள் இருந்தது என் அக்காவின் கல்யாணப் பத்திரிகை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை முடிவு செய்வதுகூடச் சுலபம். பத்திரிகையில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்று முடிவு செய்வதற்குள் பங்காளிகள் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தாராபுரத்துப் பெரியப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், அப்படித்தான் முறுக்கிக்கொண்டு போய், அப்பா நேரில் போய்க் கெஞ்சியதில் மலையிறங்கியிருந்தார்.

விடுதிக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது.

"கண்ணு, நீ எழுதுனபடியே செஞ்சுபோட்டேன். கறுப்பா ஒரு திரை வந்து லாகின்னு கேக்குது. அதுக்கும் ஒய் அழுத்துனேன், ஒத்துக்க மாட்டீங்குது."

"மாமா, அக்கா பத்திரிகைங்க?"

"அது உள்ளதான இருக்கும்?"

"எல்லாத்தையும் அழிச்சுப்போடலாமான்னு அது கேட்டுச்சுங்களா?"

"கேட்டுது. அப்பறம், நெசமாத்தானான்னு இன்னொருக்காவுங் கேட்டுது. அத்தன மருவாதியா கேக்கறப்ப இல்லீன்னா நல்லாவா இருக்கும்? நீயும் எழுதியிருந்தியல்ல."

(பிரதி எடுத்து வைக்கச் சொல்லி நான் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் அதையும் செய்திருப்பார். என் வாழ்நாளில் அப்படி ஒரு வாசகர் மறுபடி அமையவில்லை.)

அப்பாவுக்குத் தெரிந்தால் எங்கள் இருவர் தோலும் மிஞ்சாது. அதனால் யாருக்கும் சொல்லாமல் வேறொரு கடையில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்தே பத்திரிகையைத் திரும்ப அடித்தோம். மாமா கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டே அடித்தேன். அச்சாகி வந்ததை வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை. அவ்வளவு சண்டைக்குப் பிறகு அந்த வரிசையை இன்னொரு முறை படிக்க யாருக்கும் தெம்பில்லை. அம்மா மஞ்சள் தடவினார், அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு தாராபுரம் போனார்.

பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஏனப்பா, செத்தவங்க பேரெல்லாம் இருக்குது. நமக்கு அந்த யோகமும் இல்லயாட்ட இருக்குது."

அப்பா பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் வராமல் மகள் கல்யாணத்தை நடத்துவது எப்படி? எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்ததையெல்லாம் கொட்டினேன். நடுவில், அது எல்லோருக்கும் சொந்தமான மென்பொருள் என்றும் விளக்கினேன். (அந்த நேரத்திலும்!)

பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அழிக்கறதுக்கு முன்னால அந்தப் பொட்டி ரெண்டு வாட்டி கேட்டுதா?"

"ஆமாங்க பெரியப்பா."

அவர் அப்பாவைப் பார்த்தார். "அந்தப் பொட்டிக்கு இருக்கற மருவாதி உங்களுக்கு இல்லீங்களேப்பா. என்னைய ஒருக்காக்கூடக் கேக்காம அழிச்சுப்போட்டீங்க."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "கல்யாணத்துக்கு வந்து நடத்திக் குடுக்கோணுமுங்கண்ணா" என்றார். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா இன்னொரு முறை சொன்னார். "செரி, வாரேன்" என்று பதில் வந்தது.

வந்தார். மணவறையில் முதல் ஆளாக நின்றார். ஆனால் பந்திக்குக் கூப்பிட்டபோது முதல் தடவை காது கேட்காதவர்போல இருந்துவிட்டு, இரண்டாவது தடவைதான் எழுந்தார். அன்று முதல் எங்கள் சொந்தத்தில் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்பது வழக்கமாகிவிட்டது, காப்பி வேண்டுமா என்பது உட்பட.

பிற்பாடு எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். "பொண்ணப் புடிச்சிருக்குதுங்களா?" என்று அவர்கள் வீட்டுப் பெரியவர் கேட்க, நான் உடனே தலையாட்டினேன். பெரியப்பா கையைத் தூக்கித் தடுத்தார். "இருங்க, இன்னொருக்காக் கேட்டுப்போடுங்க. இவன் எது கேட்டாலும் ஒய் அழுத்தறவன்."

கேட்டார்கள். அழுத்தினேன். தன்னை யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.