உடைந்த வாளுக்கு ஒரு லாரி

மனிதனை ஏமாற்றப்போவதை முன்கூட்டியே அறிவித்து, எத்தனை சதவீதம் ஏமாற்றப்போகிறோம் என்பதையும் பளிச்சென்று எழுதிப் போட்டு, பிறகு சொன்ன சொல் தவறாமல் ஏமாற்றுகிற நேர்மை உலகத்தில் வேறு எந்தத் தொழிலுக்கும் வாய்க்கவில்லை. தென்கொரியாவின் ஆன்லைன் விளையாட்டு நிறுவனங்களுக்கே அந்தப் பெருமை. அவற்றிலும் 'ஹானுல்பிட்' நிறுவனம் தலைசிறந்தது. அதன் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்பது நல்லது. உட்கார்ந்திருந்தால் அதற்கும் கட்டணம் வரக்கூடும்.

மா தே-சிக் இந்த நிறுவனத்தின் பக்தர். சுவோன் நகரில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார். அதிலும் நிகழ்தகவு நடத்துவதில் புலி. "பத்துத் தடவை பூ விழுந்தாலும் அடுத்த தடவைக்கு அது ஞாபகம் இருக்காது. காசுக்கு மூளை கிடையாது!" என்று வகுப்பில் முழங்குவார். வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் ஒதுங்கி செல்போனை எடுப்பார். 'ஒன்பது கோட்டை' விளையாட்டில் அவருடைய வெண்பனி வாள் பதினேழாம் படியில் நின்றது. அதைப் பதினெட்டுக்கு ஏற்ற வேண்டும். "இத்தனை தடவை தோத்தாச்சு, இனிமே ஏறித்தான் ஆகணும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்துவார். காசுக்கு இல்லாத மூளை வாத்தியாருக்கு மட்டும் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமா என்ன?

வாளைப் படியேற்றச் சூரியக்கல் வேண்டும். அதை நேரடியாகப் பணம் கொடுத்து வாங்க முடியாது. அதெல்லாம் சந்தைக் கடைக்காரர்களின் கொச்சையான வியாபாரம். கொரியப் பணமான வொன் கொடுத்து வைரம் வாங்க வேண்டும், வைரம் கொடுத்துக் கல் வாங்க வேண்டும். கல்லின் விலை எழுபது வைரம். வைரம் கிடைப்பதோ அறுபது அறுபதாகக் கட்டிய மூட்டைகளில். இரண்டு மூட்டை வாங்கினால் ஒரு கல் போக வைரம் மிஞ்சும். மிஞ்சியதை வீணடிக்கக் கூடாதே என்று இன்னொரு மூட்டை வாங்கினால் அப்போதும் கொஞ்சம் மிஞ்சும். ஊதாரிகளைவிடச் சிக்கனக்காரர்களையே இந்த ஏற்பாடு சீக்கிரம் ஓட்டாண்டியாக்கியது. தே-சிக் மிகவும் சிக்கனமானவர்.

கடைசியில் ஒருநாள் மாடிப்படியிலேயே வாள் உடைந்தது. 'உடைந்தது' என்று ஹானுல்பிட் சொல்லாது. 'தங்கள் வாள் இயற்கையோடு கலந்தது' என்று திரையில் எழுத்து வந்தது. பின்னணியில் குழலோசை.

வாளோடு சேர்ந்து, கிம்ச்சி எனும் முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கான ஃபிரிட்ஜும் இயற்கையோடு கலந்துவிட்டது. ஆம், ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணம்தான் வைரமாகிப் போயிருந்தது. அவருடைய மனைவி ஓக் சு-ரான் வருஷம் முழுக்கச் சேர்த்து, "நீங்களே நல்லதாப் பார்த்து ஆர்டர் பண்ணிடுங்க" என்று நம்பிக் கொடுத்த பணம். வாள் பதினெட்டாகிவிட்டால் யாராவது பணக்கார வீரனிடம் விற்று ஒன்றுக்கு இரண்டு ஃபிரிட்ஜாக வாங்கி இறக்கலாம் என்பது வாத்தியாரின் திட்டம். சனிக்கிழமை மாமியார் ஹேனாம் ஊரிலிருந்து குளிர்காலம் முழுமைக்குமான முட்டைக்கோஸோடு வருகிறார். ஃபிரிட்ஜ் எங்கே என்று சு-ரான் கேட்கும்போதெல்லாம் "டெலிவரி லேட்டாகுதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாள் பழையபடி பதினேழாகவே திரும்பி வந்தால்கூடப் போதும். விற்று ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிவிடலாம்.

அவர் ஹானுல்பிட்டுக்குப் புகார் அனுப்பினார். "தங்கள் வேதனையை எங்கள் வேதனையாகவே கருதுகிறோம்" என்று பதில் வந்தது. கூடவே ஆறுதலாக ஐந்து வைரம். கல் வாங்க இன்னும் அறுபத்தைந்துதான் குறைகிறது என்ற நினைவூட்டலும் இருந்தது.

இனிப் பொறுப்பதற்கில்லை என்று அவருடைய படை கூடியது. படை என்றால் விளையாட்டுக்குள் ஒரே கொடியின் கீழ் சண்டை போடும் முப்பது பேர். அத்தனை பேருடைய வாளும் ஏதோ ஒரு படியில் உடைந்ததுதான். போராட்டத்துக்காக லீவு போட்டு வெயிலிலும் குளிரிலும் நிற்கிற வழக்கமெல்லாம் கொரிய வீரர்களுக்குக் கிடையாது. மின்பலகை வைத்த லாரியை வாடகைக்கு எடுத்து நிறுவனத்தின் வாசலில் நிறுத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். எல்லோர் சார்பிலும் லாரி கத்தும்.

பலகையில் என்ன எழுதுவது? பகலில் வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பவளும் படையின் துணைத்தலைவியுமான பாங் மி-ரே கையை உயர்த்தினாள்.

"கம்பெனி பேரை மட்டும் போடாதீங்கண்ணே. அவதூறுன்னு கேஸ் போட்டுருவாங்க."

"நாம சொல்றது உண்மைதானேம்மா?"

"இந்த ஊர்ல உண்மையைச் சொன்னாலும் கேஸ் வரும்ணே. உண்மைன்னா அவங்களுக்கு இன்னும் வலிக்குமில்ல?"

ஆகவே சட்டத்துக்கு உட்பட்டு, யாரையும் சுட்டாமல் வாசகம் தயாரானது: 'தலைவரே! தூக்கம் வருகிறதா? எங்களிடம் எடுத்ததைத் திருப்பித் தாரும்!'

வியாழக்கிழமை லாரி பாங்க்யோவுக்குப் புறப்பட்டது. ஃபிரிட்ஜ் கவலையில் தே-சிக்கும் டிரைவர் கோவின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். விளையாட்டு நிறுவனங்கள் எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கிற தெரு அது. ஹானுல்பிட் வாசலில் ஏற்கெனவே ஒரு காபி வண்டி நின்றது. அமோக லாபத்தைக் கொண்டாட நிறுவனம் தனக்குத் தானே வரவழைத்துக்கொண்டது. கோ லாரியை ஒரு கட்டடம் தள்ளி நிறுத்தினார்.

"அது வேற கம்பெனிண்ணே!"

"எல்லாம் கண்ணாடிக் கட்டடம்தான சார். போர்டு அங்கேர்ந்தும் தெரியும், விடுங்க."

பலகை ஒளிர்ந்ததுதான் தாமதம், அந்தக் கட்டடத்திலிருந்து கோட்டு போட்ட ஒருவர் நாலு பேரோடு ஓடிவந்து இடுப்பு ஒடியும்படி குனிந்தார்.

"மன்னிச்சிருங்க! கோழி விஷயம்தானே?"

"என்ன கோழி?" என்றார் தே-சிக்.

"தெரியாத மாதிரி கேட்டு எங்களை இன்னும் கொல்லாதீங்க சார். முட்டை போடறதை ரகசியமாக் குறைச்சது எங்க தப்புதான். இந்தாங்க, தங்கக் கோழி கூப்பன்."

அவர் நிமிர்வதற்குள் எதிர்க் கட்டடத்திலிருந்து ஓர் அம்மாள் ஓடிவந்தார். "சிறகு வெச்ச கல்யாண கவுனை, 'இனிமே கிடைக்கவே கிடைக்காது'ன்னு வித்துட்டு மறுமாசமே திரும்ப வித்தோம். அதுதானே? தப்புதாங்க!" அவருக்குப் பின்னால் மீன்பிடி விளையாட்டுக்காரர். அவருக்கும் பின்னால் குதிரைக்காரர்கள். தெருவே திரண்டுவிட்டது. டிரைவர் கோ இறங்கி, "தள்ளாதீங்க! மன்னிப்பு கேக்கறவங்க எல்லாம் வரிசையா வாங்க!" என்று ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. தாம் ஆடாத விளையாட்டுகளின் கூப்பன்களைக் கை நிறைய வைத்துக்கொண்டு வாத்தியார் திருதிருவென்று விழித்தார். ஒன்றையாவது விற்று ஃபிரிட்ஜ் வாங்கலாமென்று பார்த்தால், எல்லாவற்றிலும் 'விற்க இயலாது' என்று போட்டிருந்தது.

கடைசியாக ஹானுல்பிட்டின் கதவும் திறந்தது. 'வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை' மேலாளர் யோம் ஜி-சுக் அம்மையார் கையில் சூடான காபியோடு வந்தார். வரிசையில் நிற்கவில்லை. குனியவும் இல்லை.

"அடப்பாவமே, குளிர்ல நிக்கறீங்களே! யாருங்க உங்களை இப்படிப் பண்ணினது?"

"நீங்கதான்."

அந்த அம்மையார் திரும்பித் தமக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"நாங்களா? நாங்க எதையும் எடுக்கலையே! ஜெயிக்கிற வாய்ப்பு ஒரு சதவீதம்னு தெளிவாப் போட்டிருக்கோம். நீங்க 'சம்மதம்'னு அழுத்தியிருக்கீங்க."

"மேடம், எனக்கு நியாயம்கூட வேண்டாம். வாள் திரும்பி வந்தாப் போதும். சனிக்கிழமைக்குள்ள."

"உடைஞ்ச வாள் திரும்பி வரணும்..." யோம் ஜி-சுக்கின் முகம் மலர்ந்தது. "அட! இது எங்களுக்குத் தோணவே இல்லையே! கட்டாயம் செய்யறோம் சார். சனிக்கிழமையே செய்யறோம்."

தே-சிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்தான் இடுப்பு ஒடியும்படி குனிந்தார். விஷயத்தைப் போனில் கேட்ட மி-ரே மட்டும் சந்தோஷப்படவில்லை. "இவ்வளவு லேசா ஒத்துக்கிட்டாங்களா? நல்லாக் கேட்டீங்களாண்ணே, திருப்பித் தர்றோம்னா சொன்னாங்க?" என்றாள். வக்கீல் ஆபீசில் வேலை செய்பவர்களுக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கையே கிடையாது என்று வாத்தியார் வருத்தப்பட்டார்.

சனிக்கிழமை காலை. சமையலறை முழுக்க உப்பில் ஊறிய முட்டைக்கோஸ். முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அம்மாவும் மகளும் மிளகாய்க் கலவையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். தே-சிக்கின் செல்போன் கூவியது. 'வீரர்களின் குரலுக்குச் செவிசாய்த்தோம்! இன்று முதல் மறுபிறவி உலை திறப்பு! உடைந்த உங்கள் வாள் இனித் திரும்பி வரலாம்!' உலையை மூட்டக் கண்ணீர்முத்து வேண்டும். முத்தை வைரம் கொடுத்து வாங்க வேண்டும். வெற்றி வாய்ப்பு மூன்று சதவீதம். முன்பைவிட மும்மடங்கு தாராளம். 'இந்த யோசனையைத் தந்த வீரர் மா தே-சிக்குக்கு நன்றி' என்று அடியில் எழுதியிருந்தது.

"மாப்பிள்ளே, ஃபிரிட்ஜ் எங்கே?" என்றார் மாமியார்.

"அது... வாளாயிடுச்சு அத்தை."

"வாள் எங்கே?"

"உடைஞ்சிடுச்சு."

"உடைஞ்ச துண்டையாவது எடுத்துட்டு வா, முள்ளங்கி நறுக்கறேன்."

"துண்டும் அவங்ககிட்டதான் இருக்கு. பணம் கட்டினாத் திரும்பக் கிடைக்கலாம்."

"கிடைக்குமா, கிடைக்கலாமா?"

"நூத்துல மூணு தடவை... லாம்."

சு-ரான் கையுறையைக் கழற்றவில்லை. கத்தவும் இல்லை. "நீங்க பிள்ளைங்களுக்கு என்ன பாடம்ங்க நடத்தறீங்க?" என்று மட்டும் கேட்டாள். தே-சிக்குக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அவருடைய கட்டைவிரல் செல்போனை விட்டு நகரவில்லை.

மாமியார் செல்போனைப் பிடுங்கி, அந்த அறிவிப்பை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். திரையெல்லாம் மிளகாய். "திருட்டுப் பசங்க!" என்றார்.

மூத்தவர் வாயிலிருந்து இப்படியொரு அநியாயமான சொல் வந்திருக்கக் கூடாது. திருடர்களும் மானம் மரியாதை உள்ளவர்கள். கிடைத்ததை எடுத்துக்கொண்டு, முகத்தை மறைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். எடுத்த வீட்டு வாசலிலேயே கடை விரித்து உட்கார்ந்து, 'திருப்பித் தந்தாலும் தருவோம்' என்று சொல்லி, அதற்குத் தனியாக வசூல் செய்து, இழந்தவன் பெயரைப் போட்டு நன்றியும் சொன்ன திருடன் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. அந்த அம்மாள் நாட்டிலுள்ள திருடர்கள் அனைவரிடமும் உடனே மன்னிப்புக் கேட்க வேண்டும்.