ஒதுங்கி ஓடிய டிசி

இந்த வருஷம் டிசி வெல்டிங் மெஷின் வாங்கியே தீருவது என்று வெல்டர் முடிவு கட்டிவிட்டார். சேமிப்பு ஒரு மெஷினுக்குத்தான் காணும். மனைவியோ துணி துவைக்கிற மெஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

வீட்டு முன்னறைதான் பட்டறை. அங்கே பதினெட்டு வருஷமாக ஒரு ஏசி வெல்டிங் மெஷின். சுவிட்சைப் போட்டால் உறுமும்.

"அதுக்கு என்ன குறைச்சல்?" என்றாள் மனைவி, படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டே.

"ஏசி கரண்ட் முன்னயும் பின்னயும் மாறி மாறி ஓடும்மா. ராடு நுனியில வர்ற சுடர், அதான் ஆர்க், அணைஞ்சு அணைஞ்சு எரியும். பொறி தெறிக்கும். என் சட்டையைப் பாரு, சல்லடை!"

"தினமும் துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"டிசி ஒரே பக்கமா ஓடும். அடிக்கோல் வெச்ச மாதிரி நேரா பத்தவைக்கலாம்."

"அதுக்கு ஒரு குறையும் கிடையாதாக்கும்?"

உற்சாகத்தில் வெல்டர் உண்மையைக் கொட்டிவிட்டார். "கிட்டக்க காந்தம் இருந்தா ஆர்க் ஒரு பக்கமா இழுத்துக்கும். ஏசிக்கு அந்தத் தொல்லை இல்ல. ஆனா நம்ம பட்டறையில காந்தம் எங்க இருக்கு?"

"அதானே," என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தார். நண்பரின் டிசி மெஷின் இரவலாக வந்தது. ஒரே மேஜையில் இரண்டு தகடுகள். ஒன்று ஏசியில், ஒன்று டிசியில். தீர்ப்புச் சொல்ல மாடி வீட்டு அக்கா.

முதலில் ஏசி. வெல்டர் வேண்டுமென்றே கையை நடுங்கவிட்டார். பற்றவைத்த கோடு புழு மாதிரி நெளிந்தது. முகமூடிக்குள் சிரித்துக்கொண்டார்.

அடுத்து டிசி. ராடைத் தொட்டதுதான் தாமதம், மாமியாரைக் கண்ட மருமகள் மாதிரி ஆர்க் இடப்பக்கம் ஒதுங்கியது. இழுத்துப் பிடித்தார். மறுபடி ஒதுங்கியது. வேர்த்துக் கொட்டியது. கடைசியில் இரும்பு பொங்கி, பற்றவைக்க வேண்டிய இடத்தை விட்டு எங்கோ போய் உறைந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "முதல்ல போட்டது புழு. இது என்னன்னே தெரியல தம்பி. புழுவே தேவலாம்."

அடுத்த வாரமே துவைக்கிற மெஷின் வந்து இறங்கியது. அதற்கு ஸ்டாண்டு செய்ய வேண்டும் என்று உத்தரவு. பழைய ஏசி உறுமியது. நடுவில் சாக்பீஸ் உருண்டு மேஜைக்கு அடியில் போக, எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். மேஜையின் அடியில், டிசி தகடு இருந்த இடத்துக்கு நேர் கீழே, பழைய ஸ்பீக்கரின் வட்டக் காந்தம் கப்பென்று ஒட்டியிருந்தது.

"அடியே! இது யாரு வேலை?"

உள்ளே மெஷின் சுழலும் சத்தத்துக்கு மேலாக மனைவியின் குரல் வந்தது.

"அதை எடுத்துடாதீங்க. அடுத்த வருஷம் ஃப்ரிட்ஜ் வாங்கணும்."