லு...வுக்கு

“யார் இந்த லு?” என்று பெனிக்னா கேட்டபோது, அவள் கணவர் கவிஞர் எலாதியோவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அஸ்தோர்கா நகர வாரப் பத்திரிகைக்கு அவர் அனுப்பியது இலையுதிர்காலம் பற்றிய கவிதை. அச்சாகி வந்திருந்ததோ ‘லு...வுக்கு’. கீழே அவர் பெயர்.

‘அகன்ற கருவிழியாளே, பனிப் புல்வெளியில் அசைந்தசைந்து வருபவளே, நீ புகும் வீடு கொடுத்துவைத்த வீடு.’

நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் காலையில் பாதிரியாரே தெருவில் நிறுத்திக் கைகுலுக்கியிருந்தார். ஊரில் கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் கவிதை எழுதியவரை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை. விட மனம் வரவில்லை.

“அது... சும்மா கற்பனை.”

“கற்பனைக்கு இடுப்பு அசையுதாக்கும்?” பெனிக்னா பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

அப்போது மருந்துக்கடை மகாரியோ கைத்துப்பாக்கியோடு உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி லுத்கார்தா, புதுச் சால்வையில்.

“என் பொண்டாட்டியையா பாடினே?”

“ஐயையோ, இல்லைங்க. பாடினது என் பெனிக்னாவை.”

“என் பேரு எப்போ லு-வுல ஆரம்பிச்சுது?” என்றாள் பெனிக்னா உள்ளிருந்து.

“அவரை ஏன் மிரட்டுறீங்க?” என்றாள் லுத்கார்தா கணவனிடம். “படிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தக் கண்ணு ஊர்ல வேற யாருக்கு இருக்கு?”

“சத்தியமா உங்களை இல்லைம்மா” என்றார் எலாதியோ.

மகாரியோவின் முகம் இன்னும் சிவந்தது. “அப்போ என் பொண்டாட்டி அழகில்லைங்கறே?”

எலாதியோ துப்பாக்கியைப் பார்த்தார். ஆமாம் என்றாலும் குண்டு, இல்லை என்றாலும் குண்டு.

“அழகுதாங்க. அவங்கதான். கண்ணு, நடை, ஒவ்வொரு வரியும் அவங்கதான்.”

லுத்கார்தா சால்வையைச் சரிசெய்துகொண்டாள். பெனிக்னா பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். “நாளை விடியற்காலை, ஆற்றங்கரை. உனக்கும் ஒரு துப்பாக்கி கொண்டு வரேன், சுட்டுத் தீர்த்துக்கலாம்” என்றார் மகாரியோ.

யாரோ கதவைத் தட்டினார்கள். சந்தையில் மாடு விற்கும் தொரிபியோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“கவிஞர் வீடு இதுதானுங்களே? என் பசு லுசேரா விலைக்கு இருக்குன்னு பாட்டா கட்டிக் கொடுத்தேன், அச்சுக்காரங்க அவ பேரைப் பாதியில வெட்டிட்டு, கீழே தப்பா உங்க பேரைப் போட்டுட்டாங்களாம். அவளைக் கேட்டு யாராச்சும் இங்கே வந்தாங்களா?”