கும்பசாரக்கூட்டில் இருபது நிமிஷம்

"எட்டு நிமிஷம் நாற்பது விநாடி," என்றாள் சுபாஷிணி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே. "நேத்தியைவிட மோசம்."

சுதர்ஷன் கண்ணைத் திறந்தான். "நான் எங்கே பேசினேன்?"

"குக்கர் விசில் அடிச்சப்போ அடுப்பைக் குறைன்னு சொன்னது யாராக்கும்?"

"அது பேச்சா? எச்சரிக்கை!"

"எச்சரிக்கையை வாயாலதானே சொன்னேள்?"

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகுக்கும் சுக்குக்கும் தரகு பேசுகிறவன் சுதர்ஷன். நாற்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் தூங்கும்போதுதான் வாயை மூடியிருக்கிறான். அதுவும் கிடையாது என்பது மனைவி சுபாஷிணியின் சாட்சியம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி, சந்து முனையில் இருந்த சின்னத் தேவாலயத்துக்குள் போனான். மழை விட்ட பிறகும் வெளியே வர மனம் வரவில்லை. அதற்குப் பிறகு அடிக்கடி போனான். கடைசியில் கத்தோலிக்கனாகப் போகிறேன் என்று அறிவித்தும்விட்டான். "எனக்கு என் குருவாயூரப்பன், உங்களுக்கு உங்க ஆள்," என்று சுபாஷிணி ஒரு வரியில் விவகாரத்தை முடித்துக்கொண்டாள். பெரியப்பா வெங்கிடேஸ்வரன்தான் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "வீணை ரெண்டு மாசம், யோகா மூணு வாரம். இது எத்தனை நாளைக்குடா?" என்று கேட்டுச் சிரித்தார். பந்தி முழுக்கச் சிரித்தது. அன்றைக்கே, வருகிற ஈஸ்டரில் ஞானஸ்நானம் வாங்குவது அவனுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

மானத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அந்த மழை நாளில் யாரோ தன்னிடம் ஏதோ சொல்ல வந்ததாகவும், அதற்குள் தான் பேசிக் கெடுத்துவிட்டதாகவும் அவனுக்கு ஒரு சந்தேகம். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஞானஸ்நானத்துக்கு அவனைத் தயார் செய்தவர் பங்குத்தந்தை ஆன்ஸலம் அச்சன்; ஊரார் 'அச்சோ' என்று கூப்பிடுவார்கள். பாலக்காட்டில் பல வருஷம் இருந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும். பதினோரு வகுப்பு பொறுத்துப் பார்த்தார். பன்னிரண்டாவதில் கையைத் தூக்கினார்.

"சுதர்ஷா, ஜெபம்னா நீ மட்டும் பேசறதில்லை. எதிர்ல இருக்கறவர் சொல்றதையும் கேக்கணும்."

"அவர் எதுவும் சொல்லலையே அச்சோ."

"நீ இடம் கொடுத்தாதானே? நான் ஒரு வாரம் தியானத்துக்குப் போறேன். நீ தினமும் இருபது நிமிஷம் வாயைத் திறக்காம உக்காரு. என்ன கேட்டதுன்னு வந்து சொல்லு. அப்புறம் ஈஸ்டரைப் பத்திப் பேசலாம்."

"முடியாதுன்னா?"

"அடுத்த ஈஸ்டர்."

"இந்த ஈஸ்டர்தான்!" என்று மேஜையைத் தட்டிவிட்டு வந்தான் சுதர்ஷன்.

வீட்டில் குக்கர் கெடுத்தது. கடையில் கைப்பேசி கெடுத்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தேவாலயத்துக்கே போனான். பெஞ்சில் உட்கார்ந்தால் தெரிந்தவர்கள் "சுதர்ஷன் சேட்டா, மிளகு என்ன விலை?" என்றார்கள். மிளகு விலையைக் கேட்டு அவன் பதில் சொல்லாமல் இருக்கிற விஷயம் நடக்காது.

அப்போதுதான் ஓரத்தில் இருந்த கும்பசாரக்கூடு கண்ணில் பட்டது. ஜனங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் மரக்கூண்டு. இரண்டு பக்கமும் முட்டி போடும் பலகை, நடுவே அச்சன் உட்காரும் இடம். அங்கே மெத்தை வைத்த நாற்காலி, குட்டி மின்விசிறி, முன்னால் ஒரு திரை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் அதற்கு வேலை என்று பலகையில் எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நுழைந்து உட்கார்ந்தான். யாரும் பார்த்து விலை கேட்காதபடி திரையையும் இழுத்து மூடினான்.

திரை மூடியிருந்தால் உள்ளே அச்சன் இருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பாடம் பதினேழாவது வகுப்பில் வருவது.

நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். பக்கத்துப் பலகை கிறீச்சிட்டது. கம்பி வலைக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் குரல், "அச்சோ, என் நாத்தனாரை எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை," என்று தொடங்கியது.

சுதர்ஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அச்சன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்தால் மறுபடி முதலிலிருந்து இருபது நிமிஷம். மூடிக்கொண்டான். அந்தப் பெண் நாத்தனாரின் மீன்குழம்பில் ஆரம்பித்து, செத்துப்போன அம்மாவின் தாலியில் வந்து அழுதாள். கடைசியில் அவள் எதற்கோ காத்திருந்தது போலத் தோன்றியதால், "ம்," என்றான். ம் என்பது பேச்சில் சேராது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனாள். போனவள் சும்மா போகவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால உதவிக்கு வெளியூரிலிருந்து ஒரு அச்சன் வருவதாக இருந்தது. அவர் வந்துவிட்டார், திட்டுவதில்லை, உபதேசம் இல்லை, மன்னிப்பு மந்திரத்தைக்கூட மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார், பெரிய துறவி என்று சந்து முழுக்கச் சொல்லிவைத்தாள்.

புதன்கிழமை ஏழு பேர் வந்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் இடத்தை மாற்றியிருப்பான். சுதர்ஷன் அந்த ரகம் இல்லை. 'என் இருபது நிமிஷத்தை விட்டு நான் ஏன் ஓடணும்? வேணும்னா அவங்க போகட்டும்,' என்று வியாழக்கிழமை மறுபடி போய் உட்கார்ந்தான். தன் முகத்தைப் பார்த்தாலாவது புரிந்துகொண்டு போவார்கள் என்று உள்ளே இருந்த விளக்குச் சுவிட்சைப் போட்டான். அது கூட்டின் உச்சியில் இருந்த சிவப்பு விளக்கின் சுவிட்ச். அச்சன் தயார், வாருங்கள் என்பதற்கான விளக்கு. வரிசை வாசல் வரைக்கும் நீண்டது.

ஆனால் அன்றைக்கு ஒன்று நடந்தது. மகனோடு ஆறு வருஷமாகப் பேசாத ஒரு கிழவர், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் பத்து நிமிஷம் மூச்சு மட்டும் விட்டார். சுதர்ஷன் ஜென்மத்தில் முதல்முறையாக, இன்னொருவர் பேசட்டும் என்று ஆசையோடு காத்திருந்தான். இருபது நிமிஷம் எப்போது தாண்டியது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை சாயா குடிக்கும்போது சுபாஷிணி தன் தங்கையைப் பற்றிச் சொன்னதை முழுக்கக் கேட்டான். அவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு ஆள் வந்தார். அவருடைய பெட்டியோ எதுவோ மரத்தில் இடித்தது. சளி பிடித்த தொண்டையில், மலையாளத்தில் கிசுகிசுத்தார்.

"தினமும் ஜனங்களுக்கு ஒண்ணு சொல்லிக் கொடுக்கறேன். எனக்கே அது வராது. இருபது வருஷமா வந்ததில்லை. தெரிஞ்ச மாதிரி நடிக்கறேன். விட்டுட்டு எங்கேயாவது போயிடலாமான்னு இருக்கு."

ஓட்டத் தெரியாத டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் போல இருக்கிறது, கலூர்ப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் உண்டு என்று சுதர்ஷன் நினைத்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த களைப்பு அவனைப் பிடித்து உலுக்கியது. சபதத்தை மறந்து, அவனும் மலையாளத்தில் கிசுகிசுத்தான்.

"எனக்கும் வரலை. நாளைக்கும் உக்காந்து பாருங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பலகை மெல்லக் கிறீச்சிட்டது.

சனிக்கிழமை காலை, கும்பளங்கியிலிருந்து அந்த வெளியூர் அச்சனின் போன் தேவாலயத்துக்கு வந்தது. வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தேன், வர முடியவில்லை, மன்னிக்கணும் என்றார். தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கும் ஒச்சம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பத்தே நிமிஷத்தில் சுதர்ஷன், தியானத்திலிருந்து திரும்பியிருந்த ஆன்ஸலம் அச்சனின் அறையில் நின்றான்.

அச்சனின் முகம் சாம்பல் பூத்திருந்தது. "என்ன காரியம்டா பண்ணினே?"

"கேக்கச் சொன்னீங்க. கேட்டேன்."

"கடவுளை! ஊராரை இல்லை!"

"கடவுள் வந்து வரிசைல நிக்கலை. மனுஷங்கதான் நின்னாங்க."

"யார் யார் வந்தாங்க? என்ன சொன்னாங்க?"

"சொல்ல மாட்டேன்."

"நீ அச்சனா? அந்த மன்னிப்பு செல்லாது. எல்லாரும் திரும்பக் கும்பசாரம் பண்ணணும்டா. எனக்குத் தெரியணும்."

"அதுக்குப் பேர் எதுக்கு? செவ்வாய்லேருந்து வந்தவங்க எல்லாரும் மறுபடி வாங்கன்னு நாளைக்குப் பூசையில அறிவிச்சா போதுமே."

அச்சன் தொண்டையைச் செருமினார். "அது சரி. நேத்திக்கு... வெள்ளிக்கிழமை வந்தவங்க யாருன்னு ஏதாவது பிடி கிடைச்சுதா?"

"கிடைச்சாலும் சொல்ல மாட்டேன்."

"எங்கிட்டகூடவா?"

"உங்ககிட்ட சொல்லவே மாட்டேன். ஞானஸ்நானம் வேண்டாம்னு வேணா எழுதிக்குங்க. பெரியப்பா சிரிக்கட்டும், பந்தி மொத்தமும் சிரிக்கட்டும். நம்பி அழுதவங்களோட பேச்சு என் வாயிலேருந்து வராது!"

ஈஸ்டர் போயிற்று என்று அவனுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

அச்சன் அவனையே பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, ஞானஸ்நானப் படிவத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

"இந்த ஈஸ்டருக்கு வா. இனிமே அந்தக் கூட்டுப் பக்கம் போனியானா காலை ஒடிப்பேன்."

சுதர்ஷன் வெளியே வந்தபோது தரையில் கால் பாவவில்லை. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளிடம் படிவத்தை ஆட்டிக் காட்டினான்.

"பாத்தியா ஒச்சம்மாக்கா? அச்சன் எவ்வளவு மிரட்டிக் கேட்டார் தெரியுமா? வெள்ளிக்கிழமை யார் வந்தாங்க, வெள்ளிக்கிழமை யார் வந்தாங்கன்னு. ஊராரோட ரகசியம் இவருக்கு எதுக்காம்? ஒரு வார்த்தை சொல்லலையே நான். பயந்துட்டார் மனுஷர்!"

ஒச்சம்மாள் துணியைப் பிழிந்து, வாளியில் போட்டாள்.

"பயப்படாம என்னண்ணே பண்ணுவாரு? வைட்டிலாவுல பஸ்ஸ விட்டு எறங்கி வந்த கையோட, பெட்டியக்கூட ரூமுல வைக்காம, நேத்து உங்க வரிசையில கடைசி ஆளா நின்னது அச்சன்தானே."